ஷட்டில் ஆட்டக்காரர் கோச் ஆகும்போது: கடலூர், புதுச்சேரி பெற்றோருக்கு ஒரு விளக்கம்

2025 பிப்ரவரியில் புல்லேலா கோபிசந்த் ஒரு பேட்டியில் சொன்ன கருத்து பெற்றோர் மத்தியில் பெரிய சலசலப்பைக் கிளப்பியது. வீட்டில் வசதியோ, தாங்கிப்பிடிக்க ஒரு குடும்பத் தொழிலோ இல்லாவிட்டால் பிள்ளைகளை விளையாட்டை நம்பி விடாதீர்கள் என்பது அவர் பேச்சின் சாரம். சொன்னவர் வெளியாள் என்றால் விட்டுவிடலாம். அவர் 2001-ல் ஆல் இங்கிலாந்து பேட்மிண்டன் பட்டம் வென்றவர். 2006-ல் தேசியத் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். 2012 லண்டனில் சாய்னா நேவாலும் 2016 ரியோவில் பி.வி. சிந்துவும் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியபோது பின்னால் உட்கார்ந்திருந்த கோச்.

அவரே இப்படிச் சொன்னால் மஞ்சக்குப்பத்திலிருந்தும் முத்தியால்பேட்டையிலிருந்தும் விடிகாலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிற பெற்றோர் குழம்பத்தான் செய்வார்கள். அப்படியானால் அந்த கோர்ட்டில் நிற்கும் கோச் என்ன செய்துகொண்டிருக்கிறார்? அவரும் ஒரு காலத்தில் இதே கனவோடு ஆடியவர்தானே?

இதற்குப் பதில் வேண்டுமென்றால் ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கை எப்படி ஓடுகிறது, எங்கே நிற்கிறது, நின்ற இடத்தில் கோச் வேலை எப்படி ஆரம்பிக்கிறது என்பதை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

நாம் ஷட்டில் என்கிறோம், செய்தித்தாள் பேட்மிண்டன் அல்லது இறகுப்பந்து என்கிறது. மூன்றும் ஒன்றுதான். பூப்பந்து வேறு. கம்பளி நூல் பந்தில், பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடும் அந்த ஆட்டம் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தது; நம் பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகளில் இரண்டும் தனித்தனியாகவே நடக்கின்றன. சான்றிதழில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

'தொழில்முறை ஆட்டக்காரர்' என்பதிலும் ஒரு குழப்பம். கிரிக்கெட்டில் ஒப்பந்தம், ஏலம் என்று பணம் வரும் வழி தெளிவாக இருக்கிறது. ஷட்டிலில் அப்படியில்லை. ஊர் ஊராகப் போய்ப் போட்டி ஆடி, புள்ளி சேர்த்து, தரவரிசையில் ஏறுபவர்தான் தொழில்முறை ஆட்டக்காரர். அவர்களில் பலருக்கு மாதச் சம்பளம் தருவது ரயில்வே, எண்ணெய் நிறுவனங்கள், வங்கிகள் போன்ற ஏதோ ஒரு வேலை.

'கோச்' என்ற ஒரே சொல்லுக்குள்ளும் குறைந்தது மூன்று வேலைகள் இருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்கு ராக்கெட் பிடிக்கக் கற்றுத்தருபவர், மாநில அளவில் ஆடும் பதினாறு வயதுப் பெண்ணின் ஆட்டத்தைச் செதுக்குபவர், உலகப் போட்டியில் நாற்காலியில் உட்கார்ந்து எதிராளியைப் படித்துச் சொல்பவர். மூன்றையும் ஒருவரே செய்வது அபூர்வம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதலாமவரைப் பற்றியது, ஏனென்றால் கடலூரிலும் புதுச்சேரியிலும் நமக்குக் கிடைப்பவர் அவர்தான்.

ஏணியும் அதன் கட்டணமும்

உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு 2018 முதல் போட்டிகளைப் படிப்படியாக அடுக்கியிருக்கிறது. மேலே சூப்பர் 1000, அடுத்து 750, 500, 300, 100. அதற்குக் கீழே இன்டர்நேஷனல் சேலஞ்ச், இன்டர்நேஷனல் சீரிஸ், ஃபியூச்சர் சீரிஸ். இவற்றில் சிலவற்றில் பட்டம் வென்றால் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி இப்படி:

1. சூப்பர் 1000: 12,000
2. சூப்பர் 500: 9,200
3. சூப்பர் 300: 7,000
4. சூப்பர் 100: 5,500
5. இன்டர்நேஷனல் சேலஞ்ச்: 4,000
6. இன்டர்நேஷனல் சீரிஸ்: 2,500
7. ஃபியூச்சர் சீரிஸ்: 1,700

கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் சிறந்த 10 முடிவுகளின் கூட்டுத்தொகைதான் ஒருவரின் தரவரிசைப் புள்ளி. பழைய புள்ளி ஒரு வருடம் ஆனதும் உதிர்ந்துவிடும்.

இதில்தான் சிக்கல். சூப்பர் 300-க்குள் நுழையப் புள்ளி வேண்டும். புள்ளி வேண்டுமென்றால் கீழ்நிலைப் போட்டிகளுக்கு நாடு நாடாகப் போக வேண்டும். அங்கே பரிசுப் பணம் விமான டிக்கெட்டுக்கே பத்தாது. கட்டாக்கிலும் குவாஹாத்தியிலும் நடந்த சூப்பர் 100 போட்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் அந்த நிலையில் மொத்தப் பரிசு 1 லட்சம் டாலர். ஒற்றையர் பட்டம் வெல்பவருக்கு 7.5 சதவீதம், அதாவது 7,500 டாலர். அது பட்டம் வெல்லும் ஒருவருக்கு. முதல் சுற்றில் தோற்றுத் திரும்புபவர் ரயில் டிக்கெட்டையும் லாட்ஜ் வாடகையையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

கோபிசந்த் சொன்னதன் பாதி இந்தக் கணக்கில் இருக்கிறது. மீதிப் பாதி, ஆட்டம் முடிந்த பிறகு வருகிறது.

முப்பது வயதில் என்ன நடக்கிறது

ஷட்டில் பார்ப்பதற்கு மென்மையான ஆட்டம். உண்மையில் முழங்காலையும் கணுக்காலையும் தின்கிற ஆட்டம். நெட்டுக்கு ஓடி ஒரு காலை நீட்டி ஊன்றும் 'லஞ்ச்' ஒவ்வொன்றிலும் உடலின் எடையைப்போலப் பல மடங்கு சுமை அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. கோபிசந்துக்கு 1994-லேயே முழங்காலில் பெரிய காயம். அதன் பிறகு அறுவை சிகிச்சைகளைத் தாண்டி வந்துதான் 2001 இறுதியாட்டத்தில் சீனாவின் சென் ஹோங்கை வென்றார். அவர் விதிவிலக்கு. பலருக்கு இரண்டாவது காயத்தோடு கதை முடிந்துவிடும்.

உடம்பு ஒத்துழைத்தாலும் முப்பதைத் தொட்டதும் புள்ளிகள் உதிரும் வேகம் சேரும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. அப்போது கண் முன்னால் இருக்கும் வழிகள்:

1. ஏற்கெனவே விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலையில் மேசைக்குப் போய்விடுவது. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் அது எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து.

2. வெளிநாடு போய்க் கற்றுத்தருவது. 2019 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்ற சாய் பிரணீத் 2024-ல் 31 வயதில் ஓய்வு பெற்று அமெரிக்காவில் ஒரு பயிற்சி மையத்துக்குப் போனார். உலக அளவில் பதக்கம் வாங்கியவரே அங்கே போகிறார் என்றால் காரணத்தை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

3. பெரிய அகாடமியில் உதவி கோச்சாகச் சேருவது. 2014 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற பாருபள்ளி காஷ்யப், வெண்கலம் வென்ற குருசாய் தத் இருவரும் கோச் ஆனவர்கள்தான்.

4. சொந்த ஊருக்குத் திரும்பி ஒரு கோர்ட்டை வாடகைக்கு எடுப்பது.

நாலாவது வழியில் வருபவர் பெரும்பாலும் நாட்டுக்காக ஆடியவராக இருக்க மாட்டார். மாநில அணியில் இருந்திருப்பார், பல்கலைக்கழகப் போட்டியில் பதக்கம் வாங்கியிருப்பார், ஒரு சில தேசியப் போட்டிகளில் இரண்டாம் சுற்று பார்த்திருப்பார். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை.

கையில் இருப்பது வாயில் வருமா?

நன்றாக ஆடியவர் நன்றாகக் கற்றுத்தருவார் என்று நாம் எடுத்த எடுப்பில் நம்பிவிடுகிறோம். அது சரியில்லை. இருபது வருடம் ஆடியவருக்கு ட்ராப் ஷாட் எப்படிப் போடுவது என்று கைக்குத் தெரியும்; வாய்க்குத் தெரியாது. பையன் தப்பாக அடிக்கும்போது "இப்படி அடிடா" என்று தானே ஒருமுறை அடித்துக் காட்டுவார். பையனுக்கு அது வித்தை மாதிரித் தெரியும், ஒன்றும் விளங்காது.

பிடியை எடுத்துக்கொள்வோம். தெருவில், மொட்டை மாடியில் ஆடிப் பழகிய பிள்ளைகள் ராக்கெட்டைத் தோசைத் திருப்பி மாதிரிப் பிடிப்பார்கள், முகம் தட்டையாக நெட்டைப் பார்த்திருக்கும். அதில் அடித்தாலும் ஷட்டில் போகும், அதனால்தான் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் முன்கையைச் சுழற்ற வழியில்லாததால் பேக்ஹேண்டும் வராது, முழு வேகமும் வராது. சரியான பிடி கத்தியைப் பிடிப்பது போல, விளிம்பு தரையைப் பார்க்க, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு 'வி' விழுவது போல இருக்கும். அதைவிட முக்கியம், தளர்வாக இருக்க வேண்டும். அடிக்கும் நொடியில் மட்டும் விரல்கள் இறுக வேண்டும். இந்தத் தளர்வை ஒரு பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்க மாதங்கள் ஆகும். அந்த மாதங்களில் பிள்ளை முன்பைவிட மோசமாக ஆடும், பக்கத்து வீட்டுப் பையனிடம் தோற்கும். பெற்றோர் கேட்பார்கள்: "சார், முன்னாடி நல்லாத்தானே ஆடிட்டிருந்தான்?"

இந்தக் கேள்விக்கு அசராமல் நிற்பவரை நம்பலாம் என்பது என் எண்ணம். அடுத்த மாவட்டப் போட்டியில் கோப்பை வேண்டும் என்பதற்காகப் பழைய பிடியோடே விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் கால். ஷட்டிலில் அடியைவிடக் கால் முந்தி வர வேண்டும். எதிராளி அடிக்கும் அந்தக் கணத்தில் ஒரு சின்னத் துள்ளல், அதிலிருந்து ஆறு மூலைகளுக்கும் போய் நடுவுக்குத் திரும்புவது. ஷட்டிலே இல்லாமல் இந்தக் காலடியை மட்டும் ஆடிப் பழகுவதுதான் 'ஷேடோ'. பார்க்கிறவர்களுக்கு வெறும் டான்ஸ் மாதிரி இருக்கும். பணம் கட்டி வந்த பெற்றோருக்கு எரிச்சலாகவும் இருக்கும். முன்னாள் ஆட்டக்காரர்களில் பலர் இதைச் சொல்லித்தருவதைத் தவிர்ப்பதும் இதனால்தான். ஒரு கூடை ஷட்டிலை மளமளவென்று எறிந்து அடிக்கவைத்தால் எல்லாருக்கும் திருப்தி.

மூன்றாவது, வளரும் உடம்பு. பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை எலும்பு வேகமாக நீளும். அந்த வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வீங்கி வலித்தால், அது அளவுக்கு மீறிய குதிப்பாலும் ஓட்டத்தாலும் வரும் வளர்ச்சிக்கால வலியாக இருக்கலாம். "வலியைப் பார்க்காதே, ஆடு" என்று தன் கோச் தன்னிடம் சொன்னதையே திருப்பிச் சொல்பவர் ஒரு நல்ல பிள்ளையைக் கெடுத்துவிடுவார். ஆட்டத்திலிருந்து நேரே வந்தவர்களுக்கு இந்த அறிவு தானாக இருக்காது, படித்துத்தான் வர வேண்டும்.

படிக்க வழி இருக்கிறது. பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோவைத்தான் ஊரில் 'என்.ஐ.எஸ். முடித்தவர்' என்கிறோம். அதே நிறுவனம் நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல, பலகையில் எழுதும்போது மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடும். உலகக் கூட்டமைப்பின் கோச் படிப்பு படிநிலைகளாக இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களுக்கென்றே 'ஷட்டில் டைம்' என்ற திட்டத்தில் 22 பாடங்களை அது வகுத்து வைத்திருக்கிறது, பி.டி. சார்களுக்கு உண்மையிலேயே பயன்படுவது இது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் உடற்கல்வித் துறைகள் இருக்கின்றன. இந்தக் கரையில் கோச் ஆக நினைப்பவருக்குப் படிப்பு தூரத்தில் இல்லை.

நாற்காலி கோச்சுக்கு எவ்வளவு நேரம்?

டிவியில் ஆட்டம் பார்க்கும்போது கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் எல்லாவற்றையும் நடத்துவது போலத் தோன்றும். விதியைப் பார்ப்போம். ஷட்டில் ஆட்டத்தில் இருக்கும்போது கோச் பேசக் கூடாது. ஒருவர் 11 புள்ளியைத் தொட்டதும் 60 விநாடி இடைவேளை, இரண்டு செட்டுக்கு நடுவே 120 விநாடி. நேர் செட்டில் முடியும் ஆட்டத்தில் மொத்தம் 4 நிமிடம். மூன்று செட் போனால் 7 நிமிடம். மீதி நேரத்தில் புள்ளிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு சொல்லைக் கத்தலாம், அவ்வளவுதான்.

இந்த 4 நிமிடத்துக்காகத்தான் பல வருட வேலை. மலேசியரான டான் கிம் ஹெர் இந்திய இரட்டையர் கோச்சாக இருந்தபோது, பின்கோர்ட்டிலிருந்து அடித்து ஆடப் பழகிய இரண்டு உயரமான பையன்களைச் சேர்த்துவைத்தார். இருவருக்கும் ஆரம்பத்தில் அதில் பெரிய விருப்பமில்லை. அவர்கள்தான் சாத்விக்கும் சிராக்கும். பின்னால் 2012 ஒலிம்பிக்கில் இரட்டையர் வெள்ளி வென்ற டென்மார்க்கின் மத்தியாஸ் போ வந்து அவர்களைச் செதுக்கினார். ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கமும் 2023-ல் உலகின் முதலிடமும் வந்தன. ஒரு கோச் கண்டுபிடித்தார், இன்னொருவர் முடித்துக் கொடுத்தார்.

சிந்துவின் கதையிலும் இதே நகர்வு. ரியோ வெள்ளிக்குக் கோபிசந்த், 2019 பாசெல் உலக சாம்பியன் பட்டத்துக்குத் தென்கொரியாவின் கிம் ஜி-ஹியூன், டோக்கியோ வெண்கலத்துக்குப் பார்க் டே-சாங். சாய்னா 2014-ல் கோபிசந்தை விட்டு பெங்களூரு போய் விமல் குமாரிடம் பயின்றபோது ஊடகங்கள் அதைச் சண்டையாகவே எழுதின. அடுத்த வருடம் அவர் உலகின் முதலிடத்தைத் தொட்டார், 2017-ல் கோபிசந்திடமே திரும்பினார். உச்சத்தில் கோச் மாறுவது துரோகமில்லை, ஆட்டத்தின் தேவை. நம் ஊரில் மட்டும் ஏன் அதைக் கல்யாணம் முறிந்த கணக்காகப் பார்க்கிறோம் என்பதற்குக் கீழே வருகிறேன்.

கடற்கரை ஊரில் கோர்ட் நடத்துவது

ஷட்டிலுக்குக் காற்று ஆகாது. 4.74 முதல் 5.50 கிராம் வரை எடையுள்ள, 16 இறகுகள் செருகிய ஒரு பொருளை வைத்துக் கடலூர் சில்வர் பீச் பக்கத்துக் காற்றில் ஆட முடியுமா? மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். கூரை போட்ட கோர்ட்டிலும் கிழக்குப் பக்கக் கதவைச் சாத்தினால்தான் ஆட்டம். சாத்தினால் உள்ளே புழுக்கத்தில் பிள்ளைகள் வெந்துபோவார்கள். கூரை உயரம் வேண்டும் என்பதால் தகரக் கொட்டகை. தகரக் கொட்டகை என்றால் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய தானே புயல் ஞாபகம் வராமல் இருக்காது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் ஒரே நாளில் அரை மீட்டருக்குப் பக்கத்தில் மழையைக் கொட்டியது. நல்ல கோர்ட் என்றால் அடியில் இடைவெளி விட்ட மரத்தளமும் அதன் மேல் மேட்டும். ஆனால் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் மரம் உப்பி எழும்பிவிடும். ஆகவே இங்கே சிமெண்ட் தரை மேல் நேரடியாக மேட் விரிப்பவர்கள் அதிகம். செலவுக்குச் சரி, முழங்காலுக்குச் சரியில்லை.

ஷட்டிலின் வேகமும் வெயிலோடு மாறும். சூடான காற்று லேசாக இருப்பதால் தடை குறைகிறது, ஷட்டில் தூரம் போகிறது. ஷட்டில்களை அடுக்கி விற்கும் டியூப் மேல் அச்சிட்டிருக்கும் 75 முதல் 79 வரையான எண் இதற்குத்தான். எண் குறையக் குறைய வேகம் குறைவு. கத்திரி வெயிலில் 76, மார்கழிக் குளிரில் 78 என்று மாற்றத் தெரிந்த கோச் தன் வேலை தெரிந்தவர். சோதிப்பது எளிது: பின்கோட்டில் நின்று கீழிருந்து முழு வீச்சில் அடித்தால் எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்டிமீட்டர் முன்னால் விழ வேண்டும்.

இறகு ஷட்டிலின் விலைதான் இப்போது எல்லாரையும் கடிக்கிறது. வாத்து, பெருவாத்து இறகுகள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றன. அங்கே வாத்து வளர்ப்பு குறைந்து இறகுத் தட்டுப்பாடு வந்ததும் 2025-ல் உலகம் முழுக்க விலை ஏறியது. ஒரு ஊர் கோச்சுக்கு இது என்ன செய்யும் என்று புரிய ஒரு கணக்குப் போடலாம். இதில் உள்ள எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. 24 பிள்ளைகள், ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய் என்றால் வரவு 36,000.
2. இரண்டு கோர்ட், நாளுக்கு இரண்டு மணி நேரம், 25 நாள். 100 கோர்ட்-மணிக்கு 200 ரூபாய் வீதம் வாடகை 20,000.
3. டியூப் 1,200 ரூபாய் விலையில் நாளுக்கு அரை டியூப் இறகு ஷட்டில் என்றால் 15,000.
4. மிச்சம் 1,000 ரூபாய். இதில்தான் கோச் குடும்பம் நடத்த வேண்டும்.

அதனால் என்ன ஆகிறது? சிறுவர்களுக்கு நைலான் ஷட்டில், மற்றவர்களுக்கு இறகு ஒடிந்த பழைய ஷட்டில். 24 பிள்ளைகள் 40 ஆவார்கள். ஒரு கோர்ட்டில் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். காலை ஆறு முதல் எட்டு வரை கோர்ட்டை உடற்பயிற்சிக்காக ஆடும் பெரியவர்களுக்கு வாடகைக்கு விடுவார், ஏனென்றால் அவர்கள் பேரம் பேசுவதில்லை. இதையெல்லாம் பார்த்து கோச் பணத்தாசை பிடித்தவர் என்று பேசுவது சுலபம்.

அரசு வழி ஒன்று உண்டு. கேலோ இந்தியா திட்டத்தின் சிறு மையங்களில் முன்னாள் வீரர்களையே பயிற்சியாளராக வைத்து, மாதம் 25,000 ரூபாய் அளவுக்கு ஊதியம் தர ஏற்பாடு இருக்கிறது; பேட்மிண்டனும் அதில் உள்ள விளையாட்டுகளில் ஒன்று. கடலூர் அண்ணா விளையாட்டரங்கம், புதுச்சேரி உப்பளத்தில் உள்ள ராஜீவ் காந்தி உள்விளையாட்டரங்கம் போன்ற அரசு இடங்கள் தனியார் கொட்டகைகளைவிட உயரத்திலும் பரப்பிலும் மேலானவை. ஆனால் ஒரே அரங்கில் எல்லா விளையாட்டுக்காரர்களும் நேரம் கேட்டு நிற்பார்கள்.

22 கிலோமீட்டரில் இரண்டு உலகம்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சுமார் 22 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஆனால் ஷட்டிலில் இவை இரண்டு தனி மாநிலங்கள். கடலூர்ப் பிள்ளை மாவட்டம் தாண்டி, தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களோடு, முக்கியமாகச் சென்னைப் பிள்ளைகளோடு மோதித்தான் மாநில அணிக்கு வர முடியும். புதுச்சேரிக்குத் தனிச் சங்கம், தனி அணி. போட்டியாளர் எண்ணிக்கை குறைவு. அதனால் தேசியப் போட்டியில் கால் வைப்பது ஒப்பீட்டளவில் எளிது. அங்கே முதல் சுற்றைத் தாண்டுவது அந்த அளவுக்குக் கடினம். தினமும் மோதி வளர ஆள் வேண்டுமே! இதனால்தான் எல்லைக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் என்று பாராமல் இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் ஒரே கோர்ட்டில் வாரம் ஒரு நாளாவது மோதவிடும் கோச்சுகள் புத்திசாலிகள்.

இன்னொரு வேடிக்கை: புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ஒரு துண்டான ஏனாமுக்குப் பக்கத்து ஊர்தான் அமலாபுரம். உலகின் முதலிடம் பிடித்த சாத்விக் அங்கே பிறந்தவர்.

பன்னிரண்டு வயதில் கைமாற்றுவது

சாத்விக்கின் அப்பா உடற்கல்வி ஆசிரியர். ஒற்றையர் ஆட்டக்காரர் லக்ஷயா சென்னின் அப்பா அல்மோராவில் பேட்மிண்டன் பயிற்சியாளர். இரண்டு பேருமே முதல் பாடத்தை வீட்டிலேயே கற்றார்கள். இரண்டு பேருமே சிறு வயதிலேயே பெரிய அகாடமிக்குக் கைமாற்றப்பட்டார்கள்: ஒருவர் ஹைதராபாத்தில் கோபிசந்திடம், மற்றவர் பெங்களூரில், 1980-ல் ஆல் இங்கிலாந்து வென்ற பிரகாஷ் படுகோன் 1994-ல் தொடங்கிய அகாடமிக்கு. 2022-ல் ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டியான தாமஸ் கோப்பையை இந்தியா வென்றபோது இரண்டு பேரும் அணியில் இருந்தார்கள்.

அப்பாவே கோச்சாக இருந்தால் பிள்ளையை அனுப்பிவிடுவார். ஊர் கோச்சுக்கு அதைச் செய்ய என்ன காரணம் இருக்கிறது? யோசித்துப் பாருங்கள். ஆறு வருடம் பிடியையும் காலையும் சரிசெய்து, பதின்மூன்று வயதில் மாநிலத் தரவரிசைக்கு வரும் பிள்ளைதான் அவருக்கு விளம்பரம். அந்தப் பிள்ளையைப் பார்த்துத்தான் புதிதாகப் பத்துப் பேர் சேர்கிறார்கள். அதைச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பினால் அங்கே எடுக்கும் பதக்கத்தில் பெரிய அகாடமியின் பெயர்தான் வரும். கால்பந்தில் ஒரு வீரர் கைமாறும்போது அவரைச் சிறுவயதில் வளர்த்த கிளப்புக்கு ஒரு பங்கு போகும். ஷட்டிலில் அப்படி எதுவும் கிடையாது.

ஆகவே மிக நல்ல ஊர் கோச்சுகளுக்குக்கூட இரண்டு ஆசைகள் வரும். ஒன்று, பிள்ளையைப் பிடித்துவைப்பது. அங்கே மோத ஆளில்லாமல் அந்த ஆட்டம் பதினைந்து வயதில் நின்றுவிடும். மற்றொன்று, பத்து வயதிலேயே கோப்பைகளை அள்ளவைப்பது; அதற்காகச் சீக்கிரமே சுமையை ஏற்றுவது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: அடித்தளம் போடுபவருக்கு அடித்தளத்துக்காகக் கூலி கிடையாது.

கோபிசந்த் தன் வீட்டை அடகு வைத்து அகாடமி கட்டியதை நாம் தியாகக் கதையாகச் சொல்கிறோம். என்னைக் கேட்டால் அது ஒரு புகார் மனு. ஆல் இங்கிலாந்து சாம்பியனுக்கே அதுதான் நிலைமை என்றால், மாநில அணியில் ஆடிவிட்டுத் திருப்பாதிரிப்புலியூரில் கோர்ட் நடத்துபவர் எதை அடகு வைப்பார்?

பெற்றோர் உண்மையில் எதை வாங்குகிறார்கள்

பெரும்பாலான பெற்றோருக்கு ஒலிம்பிக் கனவு இல்லை, அதை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம், எம்.பி.பி.எஸ்ஸில் 7 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். முதலமைச்சர் கோப்பை, பள்ளி விளையாட்டுப் போட்டிகள் எல்லாம் அந்த இடங்களுக்குக் காட்ட வேண்டிய சான்றிதழ் கிடைக்கும் வழியும்கூட. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாமக்கல் விடுதியில் படிக்கவைப்பது போல இதுவும் ஒரு வழி. ஆனால் சான்றிதழுக்கான பயிற்சி வேறு, தொழில்முறை ஆட்டத்துக்கான பயிற்சி வேறு. முன்னதில் பதினேழு வயதில் உச்சம் வர வேண்டும்; பின்னதில் இருபத்து மூன்றில். எது வேண்டும் என்று கோச்சிடம் சேரும் நாளிலேயே சொல்லிவிட்டால் இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

அதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை:

1. என் பிள்ளை வாரத்தில் எத்தனை நிமிடம் கோர்ட்டுக்குள் நிற்கும், எத்தனை நிமிடம் வரிசையில் நிற்கும்? ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

2. ஒரு வருடத்தில் எத்தனை போட்டி? பதினொரு வயதுக்கு மாதம் இரண்டு என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

3. பெண் பிள்ளைகள் வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது கூட வரும் பெண் யார்? இந்திய விளையாட்டு ஆணையம் 2022-லேயே பெண் வீரர்கள் போகும் குழுக்களில் பெண் பயிற்சியாளர் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

4. இதுவரை நீங்கள் யாரையாவது உங்களைவிடப் பெரிய கோச்சிடம் அனுப்பியிருக்கிறீர்களா? எப்போது, எந்த வயதில்?

நாலாவது கேள்விக்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். சிலர் செல்போனை எடுத்து, இப்போது பெங்களூரிலோ சென்னையிலோ ஆடிக்கொண்டிருக்கும் ஒரு பையனின் போட்டோவைக் காட்டி, "ஆறு வயசுல இங்க வந்தான், பிடி மாத்தவே எட்டு மாசம் ஆச்சு" என்று ஆரம்பிப்பார்கள். அவரிடம் சேர்த்துவிடுங்கள். மாதக் கட்டணத்தில் பேரம் பேசாதீர்கள்.